மூன்றாம் தண்ணிக்குப் பிறகு

வியாழக்கிழமை பின்னேரம் துசானியின் அழைப்பு வந்தபோது தயாளினி முற்றத்தில் காய்ந்த சூடைக் கருவாட்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். கை முழுக்க உப்பு. போனை முழங்கையால் நகர்த்தித் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, லிஸ்ட் போட்டிருக்கினம்."

"என்ன லிஸ்ட், பிள்ளை?"

"சோதினை எழுதலாம் எண்டு இருக்கிற ஆக்களின்ர லிஸ்ட். என்ர பேர் இல்லை."

"மறந்துபோய் விட்டிட்டினமோ?"

"மறக்கேல்லை. வரவு காணாது. ஒவ்வொரு பாடத்திலயும் எண்பது வீதம் இருக்கவேணும். எனக்கு ஆறு பாடத்திலயும் இல்லை. வீட்டில நிண்ட மூண்டு கிழமையும் சேந்து விழுத்திப்போட்டுது."

"சுகமில்லாமல் நிண்டனான் எண்டு சொல்லேலாதோ?"

"சொன்னன். மெடிக்கல் சேர்டிபிக்கேட் எங்க எண்டு கேக்கினம். நாளைக்கு நாலு மணிக்குள்ள குடுத்தால் பேரைச் சேர்ப்பினமாம். திங்கக்கிழமை முதல் பேப்பர்."

"குடுக்காட்டி?"

"அடுத்த வருசம், எனக்குப் பின்னால வந்த பிள்ளையளோட இருந்து எழுதவேணும். எவ்வளவு புள்ளி எடுத்தாலும் சாதாரணச் சித்திதான், வெறும் பாஸ்தான் போடுவினம்." துசானியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தயாளினிக்குப் பயமாக இருந்தது. "அந்தத் தாள் சாமித்தட்டில கிடக்குதானே. அதில எல்லாம் போட்டிருக்கு அம்மா."

போன் நின்றுவிட்டது. தயாளினி சாக்கை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

தாள் சாமித்தட்டில்தான் இருந்தது, அம்மாள் படத்துக்குக் கீழே, நாலு மூலைக்கும் சந்தனம் வைத்து. துசானி இரண்டாம் வருடத்தின் இரண்டாவது அரையாண்டு தொடங்கியபோது தெற்கிலிருந்து தபாலில் வந்தது அது. மூன்று மொழியிலும் அச்சடித்த கெட்டியான தாள். மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை. 'அன்பார்ந்த பெற்றோரே' என்ற முதல் வரியை வாசித்ததும் தயாளினிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வாழ்க்கையில் அவளுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நிவாரணம், அடையாள அட்டை, காணிப் பதிவு சம்பந்தமானவை. அவற்றில் ஒன்றாவது அவளை அன்பார்ந்தவள் என்று அழைத்ததில்லை. அதற்குமேல் அவள் வாசிக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டால் அது சாதாரணக் கடிதமாகிவிடும் என்று தோன்றியிருக்கலாம். பொட்டு வைத்து மேலே ஏற்றிவிட்டாள்.

இப்போது நின்றபடியே வாசித்தாள். விடுதி திறக்கும் நாள், மூடும் நாள். புது மாணவரைப் பகிடிவதை செய்தால் யாரை அழைப்பது. சோதனைக் காலத்தில் பிள்ளைக்கு எப்போது அழைக்கக்கூடாது. ஏழாவதாக: 'பிள்ளை வீட்டில் இருக்கும்போது நோயுற்றால் அன்றோ மறுநாளோ அரச வைத்தியசாலையில் காட்டிப் பதிவு பெறவும். வீட்டு வைத்தியம் சான்றாக ஏற்கப்படமாட்டாது.' எட்டாவதாக: 'குடும்ப, சமய வைபவங்களை முன்னிட்டு விரிவுரை நாட்களில் பிள்ளைகளை வீட்டில் மறித்து வைக்கவேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

யாரோ தன் வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல் இருந்தது. ஏழாவதையும் மீறியிருந்தாள். எட்டாவதையும் மீறியிருந்தாள்.

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குத்தான் துசானி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக வேண்டும். சனிக்கிழமை தலை முழுகிவிட்டு வந்தவளின் கழுத்தில் இரண்டு நீர்க்கொப்புளங்களைக் கண்டாள் தயாளினி. கண்ட அந்த நிமிடமே மகளின் கையைத் தட்டிவிட்டாள். "சொறியாதை."

"அம்மா, இது கொப்பளிப்பா..."

தயாளினியின் உள்ளங்கை மகளின் வாயைப் பொத்தியது. "பேர் சொல்லாதை. அம்மாள் வந்திருக்கிறா."

அரை மணித்தியாலத்துக்குள் வீடு மாறிவிட்டது. வாசலில் வேப்பிலை ஏறியது. குசினியில் இருந்த மீனெல்லாம் பக்கத்து வளவுக்குப் போயிற்று. தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை. கணவன் ஜெயக்காந்தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிக்குப் போனான். துசானி உயிரியல் படிக்கிறவள். பாயில் கிடந்தபடி அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"நான் மருந்து குடிக்கக் கேக்கேல்லை அம்மா. நீங்கள் சொல்ற மாதிரி வேப்பிலைக்குள்ளயே படுக்கிறன். ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு வருவம். கம்பஸுக்கு வேணும்."

"அம்மாள் நிக்கிற உடம்போட படி இறங்கிறதோ?"

"இறங்கினால் அம்மாளுக்குக் கால் நோகுமோ?"

சொல்லிவிட்டுத் துசானி சிரித்தாள். அன்று இரவே காய்ச்சல் ஏறிவிட்டது. பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சின்ன வயதில் தயாளினியின் தங்கைக்கும் அம்மாள் வந்தது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டார்கள். பிள்ளை உயிரோடு வந்தாள், ஆனால் இடது கண் வெளுத்துப்போயிருந்தது. ஊசியால்தான் என்று வீட்டில் சொன்னார்கள். தயாளினிக்கு அப்போது பதினொரு வயது. ஊசியாலோ, கொண்டு போகப் பிந்தியதாலோ என்று அவள் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. துசானியின் இடது கண்ணிமையில் நாலாம் நாள் ஒரு முத்து விழுந்தபோது தயாளினி சாமித்தட்டுக்கு முன்னால் விழுந்து நேர்ந்துகொண்டாள்: கண்ணுக்கு ஒன்றும் வராவிட்டால் வருகிற கோயில் பொங்கலுக்குப் பிள்ளை பாற்செம்பு எடுப்பாள், வெள்ளிக் கண்மலர் சாத்துவாள்.

ஆறாம் நாள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சுகாதாரப் பரிசோதகர் கனகரத்தினம். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேலிப் படலையைத் தொடாமல் நின்று கேட்டார்.

"வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை ஐயா."

"அப்ப வேப்பிலை?"

"அது கோயில் நேத்தி."

உள்ளே துசானி இருமினாள். கனகரத்தினம் தயாளினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். தயாளினிக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. அம்மாளுக்கு வாசலில் காவல் நின்றதுபோல.

பதினாலாம் நாள் மூன்றாம் தண்ணி வார்த்தாள், அம்மாளை வழியனுப்பும் கடைசி முழுக்கு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பொருக்குகள் கழன்று, மெலிந்து, புதுத் தோலோடு நின்றாள் மகள். கண் தெளிவாக இருந்தது. தலை துவட்டிய கையோடு துசானி பையை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினாள்.

"திங்கள் கோயில் பொங்கல் பிள்ளை. பாற்செம்பு எடுத்திட்டுப் போ."

"ஒரு கிழமை போயிடும் அம்மா."

"கண்ணைவிட ஒரு கிழமை பெரிசோ?"

துசானி உடுப்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தயாளினிக்கு அந்த ஒவ்வொரு உடுப்பும் நினைவில் வந்தது. நேர்த்திக்காகத்தான் மறித்தேன் என்று இவ்வளவு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழு உண்மையில்லை. இரண்டு வருடமாக மகள் தூரத்தில் இருந்தாள். வந்தாலும் போனோடும் புத்தகத்தோடும் இருப்பாள். இந்த இரண்டு கிழமைதான் அவள் சின்னப் பிள்ளைபோல் கிடந்தாள். ஊட்டினால் வாயைத் திறந்தாள். முதுகு தடவச் சொன்னாள். இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்று தயாளினிக்கு ஆசையாக இருந்தது. கேட்டிருந்தால் துசானி நின்றிருக்கமாட்டாள். அதனால் அம்மாளின் பேரில் கேட்டாள்.

ஜெயக்காந்தன் பொழுதுபட வலையை வைத்துவிட்டு வந்தான். சொன்னதைக் கேட்டுவிட்டு வாசற்படியில் குந்தினான்.

"டவுனில ஒருத்தர் இருக்கிறாராம். காசைக் குடுத்தால் செத்தவனுக்கும் பூரண சுகம் எண்டு எழுதித் தருவாராம்."

"பொய் மெடிக்கல் குடுத்தால் படிப்பையே நிப்பாட்டுவினமாம். ஒன்பதாவதாப் போட்டிருக்கு."

"உந்தத் தாளில வேற என்ன கிடக்கு? நான் எத்தினை மணிக்குக் கடலுக்குப் போறது எண்டும் போட்டிருக்கோ?" சொன்னவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அவள் அண்டைக்கே துண்டு கேட்டவள் எல்லோ, தயா."

"கேட்டவள்."

"நானெண்டாலும் சொல்லியிருக்கலாம். நான் வாடியில போய் நல்லாப் படுத்திருந்தன்."

அவன் அவளைத் திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சல்லிக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனாள். கோயிலைக் கடந்தபோது வழக்கம்போல் கும்பிடக் கை எழும்பவில்லை. மடியில் கிடந்த பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் வரிசை வெளியே மரத்தடி வரைக்கும் நின்றது. அவளுக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரிடமும் ஒரு வருத்தம் இருந்தது; காட்டக்கூடிய, தொடக்கூடிய வருத்தம். அவள் மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

டொக்டர் றுவைஸ் இளம் வயதுக்காரர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"யாருக்கும்மா வருத்தம்?"

"மகளுக்கு, டொக்டர். சித்திரையில அம்மாள் வந்தது."

"மகள் எங்க?"

"கம்பஸில. சுகமாயிட்டுது. அந்த நேரத்துக்கு ஒரு மெடிக்கல் வேணும். இண்டைக்கு நாலு மணிக்குள்ள."

அவர் பேனையை வைத்துவிட்டார். "நான் காணாத வருத்தத்துக்கு எப்பிடிம்மா எழுதுற? அண்டைக்குக் கொண்டு வந்திருந்தா ரெண்டு நிமிசம். இண்டைக்கு ஏலா."

"காலில விழுறன் டொக்டர்."

"விழாதீங்க. விழுந்தாலும் ஏலா." அடுத்த துண்டைக் கையில் எடுத்தவர் திரும்ப வைத்தார். "பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர் யாரும் வீட்டுக்கு வந்தாரா? இது அறிவிக்க வேண்டிய நோய்தானே. அவர்ட பதிவுல இருந்தா அங்க உள்ள வைத்திய அதிகாரி பார்த்து எழுதலாம். வந்தாரா?"

தயாளினி பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வந்தவர்," என்றாள்.

"அப்ப ஓடுங்க."

அவள் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து மதிலோரம் நின்றாள். தூரத்தில் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அந்தப் பதிவில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று இருக்கும். துசானியின் நோய்க்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியையும் அவள்தான் வாசலில் வைத்துக் கொன்றாள். ஓட்டோவைக் கை காட்டி நிறுத்தியபோது பதினொன்றரை.

சுகாதாரப் பணிமனையில் கனகரத்தினம் இருக்கவில்லை, வெளியே போயிருந்தார். டெங்கு நுளம்பின் பெரிய படம் ஒட்டிய விறாந்தையில், கதிரையின் விளிம்பில் இருந்தாள். பன்னிரண்டு. ஒரு மணி. துசானியிடமிருந்து ஒரு செய்தி: 'என்ன மாதிரி?' அவள் எழுதினாள்: 'நிக்கிறன்.' அதற்குமேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. மாறி மாறிச் சுவர்க்கடிகாரத்தையும் படலையையும் பார்த்தாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மோட்டார் சைக்கிள் வந்தது.

"ஆர், சல்லித் தங்கச்சியோ? கோயில் நேத்தி நல்லா நடந்துதோ?"

அவ்வளவுதான். அவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்தது உடைந்துபோயிற்று. அழுதுகொண்டே சொன்னாள். கனகரத்தினம் குறுக்கே கதைக்கவில்லை. தலைக்கவசத்தை மேசையில் வைத்தார், கைகழுவிவிட்டு வந்தார், இரண்டு கொப்பிகளை எடுத்தார். ஒன்று பெரிய பதிவேடு. மற்றது ஓரம் கிழிந்த சின்னக் கொப்பி.

"இது அரசாங்கத்துக்கு. வீட்டுக்காரர் சொல்றதை இதில எழுதுவன். பாருங்கோ, உங்கட வீடு. 'நோயில்லை எனத் தாய் தெரிவித்தார்.'" சின்னக் கொப்பியை விரித்தார். சல்லி ஊரின் ஒழுங்கைகள் கோடு கோடாகக் கீறப்பட்டிருந்தன. சில வீடுகளில் ஒரு சிறிய இலை வரைந்து, பக்கத்தில் திகதி. "இது எனக்கு. வாசல் சொல்றதை இதில எழுதுவன்."

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ ஐயா?"

"இருமலும் கேட்டது."

"தெரிஞ்சும் ஏன் உள்ள வரேல்லை? வந்திருந்தால்..." அவள் குரல் உயர்ந்துவிட்டது. தன் பிழையில் ஒரு துண்டையாவது அவரிடம் கொடுத்துவிட முடியுமா என்று தேடினாள்.

"நான் ஒரு வீட்டுக்குள்ள சப்பாத்தோட ஏறினால் அடுத்த முறை ஊரில ஒருத்தரும் வேப்பிலை கட்டமாட்டினம். பிறகு எந்த வீட்டில நோய் கிடக்கு எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? வேப்பிலையைக் கண்டால் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பொம்பிளையளை விலத்தி வைப்பன். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுவன். உங்கட மகளின்ர படிப்பு என்ர யோசினையில இல்லை, தங்கச்சி. அது பிழைதான்."

ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "உங்கட கையால எழுதுங்கோ. அண்டைக்கு இல்லை எண்டு சொன்னது பொய் எண்டு. என்ன நோய், எப்ப தொடங்கினது, எத்தினை நாள். நான் என்ர பக்கத்தை எழுதுறன். எங்கட வைத்திய அதிகாரி டொக்டர் அம்மா மூண்டு மணிக்குக் கூட்டத்தால வருவா. பாத்துக் கையெழுத்து வைப்பாவோ மாட்டாவோ, அது அவவின்ர பாடு."

பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். அதுவரைக்கும் பேனை ஓடியது. 'எனது மகள் துசானிக்கு அம்மாள் வந்தபடியால்' என்று எழுதினாள்.

கனகரத்தினம் எட்டிப் பார்த்தார். "அங்க இருக்கிறவைக்கு அம்மாளைத் தெரியாது. நோயின்ர பேரை எழுதுங்கோ."

நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதில்லை. மகள் சொல்ல வந்தபோது கையால் பொத்தினாள். நோய் என்று சொன்னால் வந்தவளை நோய் என்று வைததாகும். வைதால் போகிற போக்கில் கண்ணைப் பறித்துக்கொண்டு போவாள். தங்கையின் வெளுத்த கண் தாளின் நடுவில் வந்து நின்றது. துசானியின் இமையில் இருக்கிற சின்னத் தழும்பும் வந்து நின்றது. தயாளினி அம்மாளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு முகமும் இருக்கவில்லை. 'கொப்பளிப்பான் நோய்' என்று எழுதினாள். எழுத்து சரிந்து போயிற்று. மின்விசிறி முன்னைப்போலவே கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"எத்தினை நாள்?" என்று கேட்டார் கனகரத்தினம்.

பேனை நின்றது.

"வேப்பிலை எடுத்த நாளையும் நான் குறிக்கிறனான்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "ஆனால் இந்தக் கொப்பியை ஒருத்தருக்கும் காட்டுறேல்லை. நீங்கள் எழுதுறதுதான்."

தயாளினி போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். முதல் மணி அடித்ததுமே துசானி எடுத்தாள்.

"எத்தினை நாள் எண்டு கேக்கினம், பிள்ளை."

"இருபத்தொண்டு எண்டு எழுதுங்கோ."

"மூண்டாம் தண்ணி பதினாலாம் நாளெல்லோ."

"பதினாலெண்டு போட்டால் ரெண்டு பாடம் வராது. நான் கணக்குப் பாத்திட்டன். இருபத்தொண்டு போட்டால் ஆறும் வரும்."

"நீ அந்தக் கிழமை சுகமாத்தானே..."

"ஆருக்கு அம்மா தெரியும்? ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. எழுதுங்கோ."

துசானி அதை நிதானமாகச் சொன்னாள். தடுமாற்றமில்லாத, வழுவழுப்பான குரல். தயாளினி அந்தக் குரலை அடையாளம் கண்டாள். வாசலில் நின்று கனகரத்தினத்துக்குப் பதில் சொன்ன குரல் அது. காய்ச்சலோடு பாயில் கிடந்தபோதும் துண்டு வேணும் என்று நேராகக் கேட்ட பிள்ளை, உள்ளே இருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

திரும்பி வந்து இருந்தாள். மணி இரண்டு ஐம்பது. இருபத்தொன்று என்று எழுதினால் எல்லாம் முடிந்தது. பிள்ளை திங்கட்கிழமை மண்டபத்துக்குள் போவாள். இரண்டே இலக்கங்கள். அவள் பேனையைத் தாளில் வைத்தாள். அந்த ஏழு நாட்களும் வரிசையாக வந்தன: துசானி முற்றத்தில் தலை காயவைத்துக்கொண்டு சிரித்த நாள், தகப்பனோடு வள்ளத்தடிக்குப் போன நாள், பாற்செம்போடு கோயிலைச் சுற்றிய நாள். அதற்குள் ஒரு நாளில்கூட நோய் இல்லை. அந்த ஏழு நாளையும் நோய் என்று எழுதினால், தான் ஆசைப்பட்டு எடுத்ததை அம்மாளின் தலையில் கட்டவேண்டும். ஒருமுறை அவளுடைய பேரைச் சொல்லி மறித்தாயிற்று. இன்னொருமுறையும் அவளுடைய பேரைச் சொல்லித் தப்புவதா? தயாளினி சரியானதைச் செய்ய நினைத்தாள் என்று சொல்ல முடியாது. கை அந்த எண்ணை எழுத மறுத்தது, அவ்வளவுதான்.

'பதினான்கு நாட்கள்' என்று எழுத்தால் எழுதினாள். அதன் கீழே, யாரும் கேட்காமலே, இன்னும் ஒரு வரி: 'அதன்பின் ஏழு நாட்கள் மகளை நானே மறித்து வைத்தேன்.'

எழுதிய உடனேயே வெட்டிவிட வேண்டும்போல் இருந்தது. கனகரத்தினம் அதற்குள் தாளை எடுத்துவிட்டார்.

டொக்டர் அம்மா மூன்றேகாலுக்கு வந்தாள். இரண்டு தாளையும் வாசித்தாள், கனகரத்தினத்திடம் இரண்டு கேள்வி கேட்டாள், தயாளினியை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச பிள்ளையைப் பெத்திருக்கிறீங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். பக்கத்துக் கடையில் ஸ்கான் பண்ணி மகளுக்கு அனுப்பும்போது மூன்று நாற்பத்தெட்டு. நாலு பத்துக்குத் துசானியின் செய்தி வந்தது. 'குடுத்திட்டன்.' வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. துசானி ஒரே மூச்சில் சொன்னாள்.

"நாலு பாடம் எழுதலாம். மரபியலும் புள்ளிவிபரவியலும் ஏலாது. அடுத்த வருசம்."

"பிள்ளை..."

"ஏன் அம்மா? ஒரு எண்தானே."

"அந்தக் கிழமை உனக்கு வருத்தமில்லை. நான்தான் மறிச்சனான்."

"பாற்செம்புக்கு. அது எனக்குத் தெரியும்."

"பாற்செம்புக்கு மட்டுமில்லை." தயாளினி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "நீ நிண்டால் நல்லாயிருக்கும் எண்டு இருந்தது. அதுக்காக மறிச்சனான்."

மறுமுனையில் பெண்பிள்ளைகள் யாரோ சிங்களத்தில் ஏதோ கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள் துசானி. போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் தாய்க்கு அழைக்கவில்லை. தகப்பனுக்கு அழைத்தாள். முதல் பேப்பர் சரி, இரண்டாவது கொஞ்சம் கஷ்டம் என்ற செய்திகள் ஜெயக்காந்தன் வழியாக வந்தன. "சாப்பிட்டவளாமோ?" என்று தயாளினி கேட்பாள். "ஏன், நீ கேளன்," என்பான். அவள் கேட்கவில்லை. அழைத்தால் மகள் எடுக்கமாட்டாள் என்பதைவிட, எடுத்து நிதானமான குரலில் கதைப்பாள் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கருவாட்டைப் பரப்பினாள், புரட்டினாள், அள்ளினாள். சாமித்தட்டுக்கு விளக்கு வைத்தாள்; வைத்துவிட்டு உடனே திரும்பி வந்துவிடுவாள்.

இரண்டாவது கிழமை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. துசானி.

"அம்மா."

"ஓம் பிள்ளை."

"இண்டைக்கு மரபியல். எல்லாரும் உள்ள போயிட்டினம்."

தயாளினி மீன் பெட்டியின்மேல் மெல்ல இருந்தாள். "நீ எங்க நிக்கிறாய்?"

"மண்டபத்துக்கு வெளிய. மரத்தடியில."

"அங்க ஏன் போனனி, பிள்ளை?"

"தெரியேல்லை. விடுதியில இருக்கேலாமல் கிடந்தது." அந்த வழுவழுப்பு குரலில் இருக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கேள்வித்தாள் குடுக்கினம் போல. சத்தமில்லை."

"நான் ஒரு பிழை..."

"கதைக்காதேங்கோ அம்மா." கொஞ்சம் பொறுத்து, "போனை வையாதேங்கோ," என்றாள்.

தயாளினி கதைக்கவில்லை, வைக்கவும் இல்லை. காகங்களின் சத்தம் வந்தது. மகளின் மூச்சு வந்தது. ஜெயக்காந்தன் வளவுக்குள் வந்து ஆர் என்று கையால் கேட்டான். அவள் பேசாமல் நிற்கச் சொல்லி விரலைக் காட்டினாள். அரை மணித்தியாலம் போயிற்று. போன் காதில் சுட்டது. திரையைப் பார்த்தாள், சார்ஜ் ஒன்பது வீதம்தான் இருந்தது. அவள் எழுந்து உள்ளே போய், வயர் கட்டையாக இருந்தபடியால் சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தரையில் இருந்து, போனைச் செருகிக் காதில் வைத்துக்கொண்டாள். பேப்பர் முடிய இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது.